பெருசா, தடியா போட்டா தலைப்பாயிடுமா?

ஏப்ரல் வந்துட்டாப் போதும், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற ஜெராக்ஸ் கடை எதுலயும் கால் வைக்க இடம் இருக்காது. கடைசி செமஸ்டர் பசங்க பென் டிரைவும் கையுமா நிப்பாங்க. அரியலூர்லயும் இதேதான், சிமெண்ட் லாரி கிளப்புற புழுதியும் சேர்த்து. எல்லார் வாயிலயும் ஒரே வார்த்தை: "அண்ணா, கன்டென்ட்ஸ் பேஜ் மட்டும் சரி பண்ணிக் குடுங்கண்ணா."

பொருளடக்கம். ஒரு ஆய்வேட்டுல புதுசா ஒரு வரிகூட யோசிச்சு எழுத வேண்டாத பக்கம் அதுதான். உள்ள என்ன தலைப்பு இருக்கு, அது எந்தப் பக்கத்துல இருக்கு, அவ்வளவுதானே? கம்ப்யூட்டர் தானே போட்டுத் தர வேண்டிய சமாச்சாரம். அதுக்குப் போயி இந்தப் பிள்ளைங்க ராத்திரி வரைக்கும் கடை பெஞ்சுல உட்கார்ந்திருக்குதுங்க. கடைசி பஸ் போயிடுமோன்னு வேற பயம். குன்னம், வேப்பந்தட்டை, செந்துறைன்னு உள்ளடங்கின ஊருக்குப் போற பிள்ளைக்கு அது சின்ன பயமா?

நான் தமிழ் ஆய்வேடுகளுக்குப் பிழை திருத்திக் கொடுக்கிறவன். சந்தி, ஒற்று, மேற்கோள் குறி, அடிக்குறிப்பு, இதுதான் என் வேலை. ஆனா ஃபைலைத் திறந்ததும் முதல்ல என்னைச் சுடுறது ஒற்றுப்பிழை இல்லை. தலைப்புன்னு போட்டிருக்கிறதுல ஒண்ணுகூட உண்மையில தலைப்பா இல்லாததுதான்.

எப்படிப் போடுறாங்க தெரியுமா? 'முன்னுரை'ன்னு அடிக்கிறது. செலக்ட் பண்ணி போல்டு. சைஸ் 16. சென்டர். மனசு கேக்காட்டி கீழ ஒரு கோடு. முடிஞ்சுது. பார்க்கிறவங்க கண்ணுக்கு அது தலைப்புதான். வேர்டுக்கு? கொஞ்சம் தடியான ஒரு வரி, அவ்வளவுதான். அது புது இயலோட தொடக்கமா, உட்தலைப்பா, படத்துக்குக் கீழ போட்ட குறிப்பா, அதுக்கு எப்படித் தெரியும்? நாம சொல்லலையே. சொல்றதுக்குன்னுதான் மேல ஹோம் டேப்ல 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2'ன்னு பெட்டி பெட்டியா வச்சிருக்கு. இயல் தலைப்புல கர்சரை வச்சு ஹெடிங் 1. உட்தலைப்புக்கு ஹெடிங் 2. ஒரு கிளிக். அதைத் தொடாமலே ரெஃபரன்சஸ்ல போயி டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ் கேட்டா, 'நோ டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ் என்ட்ரீஸ் ஃபவுண்ட்'னு ஒரு வரி வந்து நிக்கும். உடனே "இந்த சிஸ்டத்துல அது வேலை செய்யாதுண்ணா"ன்னு முடிவு கட்டிடறாங்க.

அப்புறம் எல்லாம் கைவேலை. தலைப்பை அடிச்சு, புள்ளி கீயை அமுக்கிப் பிடிச்சு வரி முடியுற வரைக்கும் ஓட்டி, கடைசியில பக்க எண். அடுத்த வரியில புள்ளி ஒண்ணு கூடிடும், எண் கீழ விழும். ஒண்ணை அழிச்சா எண் உள்ள வந்துடும். ஸ்பேஸ் தட்டு, புள்ளி தட்டு, ஸ்பேஸ் தட்டு. இப்படி மூணு பக்கம் ஒப்பேத்தி முடிச்சு பிரிண்ட் எடுத்த பிறகு, இரண்டாம் இயல்ல ஒரு படம் சேர்க்கச் சொல்லுவார் கைடு. படம் சேர்ந்ததும் அதுக்குப் பின்னாடி இருக்கிற பக்கம் அத்தனையும் நகரும். பொருளடக்கம் நகருமா? கையால அடிச்சது எப்படி நகரும்?

கங்கைகொண்டசோழபுரத்தைப் பத்தி வரலாறு படிக்கிற ஒரு பையன் எழுதியிருந்தான். அவன் பார்த்த பழைய நூல்கள்ல ஊர் இருக்கிற மாவட்டம் திருச்சிராப்பள்ளின்னு இருக்கு. 1995ல் பெரம்பலூர் மாவட்டம் பிரிஞ்ச பிறகு வந்ததுல பெரம்பலூர். 2001ல் அரியலூர் தனி மாவட்டம் ஆச்சு, 2002ல் திரும்பப் பெரம்பலூரோட சேர்த்தாங்க, 2007ல் மறுபடி தனியாக்கினாங்க. அந்தப் பையன் பாவம், பழைய நூலைப் பார்த்து 'பெரம்பலூர் மாவட்டத்தின் நில அமைப்பு'ன்னு தலைப்பு வச்சுட்டான். சுட்டிக் காட்டினதும் உள்ள மாத்திட்டான். பொருளடக்கத்துல? பழையபடி பெரம்பலூர். உள்ள அரியலூர், வெளிய பெரம்பலூர்னு பைண்டிங்குக்குப் போக இருந்தது. ஹெடிங் ஸ்டைல்ல போட்டிருந்தா, பொருளடக்கத்துல ரைட் கிளிக் பண்ணி அப்டேட் ஃபீல்டு கொடுத்து, 'அப்டேட் என்டையர் டேபிள்'னு தேர்ந்தெடுத்தா தானா மாறியிருக்கும். இதுல ஒரு விஷயம். 'அப்டேட் பேஜ் நம்பர்ஸ் ஒன்லி'யைத் தேர்ந்தெடுத்தா பக்க எண் மட்டும்தான் மாறும், தலைப்போட வார்த்தை மாறாது. ஸ்டைல் தெரிஞ்ச பிள்ளைங்ககூட இங்க வந்து சறுக்குதுங்க.

எனக்கு வலிச்சது இன்னொண்ணு. தமிழ் எம்.ஏ. படிக்கிற ஒரு பொண்ணு, செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போடுற சம்சாரிங்ககிட்ட வீடு வீடாப் போயி, சாகுபடியில புழங்குற சொற்களைச் சேகரிச்சிருந்தா. விதைக்காய் தேர்ந்தெடுக்கிறதுல இருந்து திருகல் நோய், அழுகல், வெங்காயத்தைப் பட்டறை போட்டுக் காப்பாத்துறது வரைக்கும். பட்டறையைப் பத்தி மட்டும் ஒரு முழு இயல். அடியில என்ன பரப்புறாங்க, காத்து எப்படி உள்ள போகுது, மழைக்கு எதை மூடுறாங்க, ஒவ்வொண்ணுக்கும் அந்த ஊர்ப் பேரு. படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷம் தாங்கலை. இந்த வேலையை நம்ம மாவட்டத்துல யாராவது செய்ய மாட்டாங்களான்னு ஏங்கினவன் நான். அந்த ஏடு கல்லூரியில இருந்து திரும்பி வந்துது. மார்ஜின்ல சிவப்புப் பேனாவுல ஒரே ஒரு குறிப்பு: பொருளடக்கத்துல பக்க எண் பொருந்தலை, சரி செய்து வரவும். பட்டறை இயலைத் திருப்பிக்கூடப் பார்க்கலை. ஒரு கேள்வி இல்லை, ஒரு கோடு இல்லை. எண் சரியா இல்லைங்கிறது உண்மைதான், நான் மறுக்கலை. ஆனா ஒரு பொண்ணு வெயில்ல அலைஞ்சு சேர்த்த சொல்லுக்கு நம்ம படிப்பு காட்டின மரியாதை இவ்வளவுதானா?

இந்தத் தப்புக்கு வேர் எங்க இருக்குன்னா, நாம எல்லாத்தையும் மேலோட்டமாப் பார்த்தே பழகிட்டோம். பிரிண்ட் அவுட்ல பார்க்க நல்லா இருக்கா? இருக்கு. போதும். ஃபைல் உள்ள எப்படி இருக்குன்னு யாரும் கேக்கிறதில்லை. மாணவனும் கேக்கலை, கைடும் கேக்கலை, கடைக்காரத் தம்பியும் கேக்கலை. இதே மண்ணுல 1862ல் பிளான்ஃபோர்டுன்னு ஒரு நிலவியலாளர் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர்னு அடுக்கு பிரிச்சுப் பேர் வச்சார். மேல தெரியுற நிறத்தை மட்டும் பார்த்து இல்லை, உள்ள புதைஞ்சிருக்கிற உயிர்களையும் பார்த்து. எந்த அடுக்கு எதுக்குக் கீழ வரும்னு அவர் வகுத்த முறையை இன்னைக்கும் படிக்கிறாங்க. ஹெடிங் 1, ஹெடிங் 2, ஹெடிங் 3 செய்யுறதும் அதேதான்: எது பெரிய அடுக்கு, எது அதுக்குள்ள அடங்குறதுன்னு சொல்றது. சாத்தனூர் கல்மரத்தை வருஷா வருஷம் டூர் போயிப் பார்க்கிற பிள்ளைங்களுக்கு இது புரியாதா? சொல்லிக் கொடுத்தா ஒரு நிமிஷத்துல புரியும்.

சரி, ஸ்டைல் போடத் தெரிஞ்ச பிள்ளைங்க நிம்மதியா இருக்குதுங்களான்னா, அதுவும் இல்லை. தமிழ்ல எழுதுறவங்களுக்குன்னு தனியா ஒரு தொல்லை வச்சிருக்கு. ஹெடிங் 1ஐ மாடிஃபை பண்ணி சைஸ் 14ன்னு வைக்கிறோம். ஆங்கிலத் தலைப்பு 14க்கு வரும். தமிழ்த் தலைப்பு அப்படியே பழைய சைஸ்லயே நிக்கும். எழுத்துருவை மாத்தினாலும் தமிழ் எழுத்து மட்டும் 'லதா'வுலயே இருக்கும். ஏன்? வேர்டு கணக்குல தமிழ் 'காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்'. அதோட எழுத்துரு, சைஸ், போல்டு எல்லாம் தனிக் கணக்கு. மாடிஃபை பெட்டியில ஃபார்மேட், அதுல ஃபான்ட்னு போனா, அங்க 'காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்'னு ஒரு பகுதி இருக்கும். தமிழுக்கானதை அங்கதான் மாத்தணும். ஆபீஸோட மொழிப் பட்டியல்ல தமிழைச் சேர்க்கலைன்னா அந்தப் பகுதி கண்ணுலயே படாது. லிப்ரே ஆபீஸ்லயும் இதே பிரிவுதான், அங்க பேரு 'சி.டி.எல்.' இதை எந்த வகுப்புல யார் சொன்னாங்க? தமிழ் பேசுற ஊர்ல, தமிழ்ல எழுதுற பிள்ளைக்கு, தமிழ்த் தலைப்போட சைஸை எங்க மாத்துறதுன்னு தெரியாம இருக்கிறது எவ்வளவு பெரிய அவமானம்!

பாமினிங்கிற பழைய தமிழ் எழுத்துரு இன்னும் மோசம். யூனிகோடு வந்து எத்தனை காலம் ஆச்சு? தமிழக அரசே 2010ல் செம்மொழி மாநாட்டு நேரத்துல யூனிகோடைத் தரமா ஏத்து அரசாணை போட்டாச்சு. ஆனா கடைகள்ல இன்னும் பாமினிதான் ஓடுது. கை பழகிடுச்சு, வேகமா அடிக்கலாம், அதனால மாத்த மனசில்லை. பாமினியில 'அறிமுகம்'னு திரையில தெரியுதே, உள்ள அது தமிழே இல்லை. எம், டபிள்யூ, பி, பெரிய கே, எஃப், சின்ன கே, கடைசியில ஒரு அரைப்புள்ளி. இந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டி வச்சிருக்கு, அவ்வளவுதான். இப்ப ஒரு பிள்ளை ஒழுங்கா ஹெடிங் 1 ஸ்டைல்ல பாமினியை வச்சு எல்லாத் தலைப்பையும் போடுதுன்னு வைங்க. பொருளடக்கம் கேட்டா என்ன வரும்? பொருளடக்கத்தோட வரிகளுக்கு 'டி.ஓ.சி. 1', 'டி.ஓ.சி. 2'ன்னு தனி ஸ்டைல். அதுல இருக்கிறது ஆங்கில எழுத்துரு. அதனால பக்கம் முழுக்க எம், டபிள்யூ, பி, கேன்னு ஒண்ணுமே புரியாத எழுத்துக் குவியல் வந்து விழும். ஒழுங்கா செஞ்ச பிள்ளைக்குத்தான் இந்த தண்டனை! டி.ஓ.சி. ஸ்டைலுக்கும் பாமினியைக் கொடுத்தா சரியாயிடும். ஆனா அது தெரியாத பிள்ளை, வைரஸ்னு பயந்து, எல்லா ஸ்டைலையும் அழிச்சுட்டு திரும்பப் புள்ளி கீயை அமுக்க ஆரம்பிச்சுடுது.

இதோட முடியலை. வேர்டு வாக்கியத்தோட முதல் எழுத்தைத் தானா பெரிய எழுத்தாக்கும் இல்லையா? ஆங்கிலத்துக்கு நல்லது. பாமினியில சின்ன எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. 'கல்வி'ன்னு அடிச்சா 'குல்வி'ன்னு ஆயிடும். 'அம்மா' 'ஆம்மா' ஆகும். தலைப்பு ஸ்டைல்ல 'ஆல் கேப்ஸ்' போட்டு வச்ச ஆங்கில ஃபார்மேட்டைக் கொடுத்து, இதுலயே தமிழ் ஏட்டையும் பண்ணுன்னு சொல்றாங்க. ஒரு தலைப்பாவது படிக்கிற மாதிரி இருக்குமா? நான் திருத்துற பிழையில பாதி, பிள்ளைங்க செஞ்ச பிழையே இல்லை. அதை ஏடு மதிப்பிடுறவங்க தமிழ்ப் பிழைன்னு கணக்கு வச்சு மார்க் குறைக்கிறாங்களேங்கிறதுதான் என் வயித்தெரிச்சல்.

மத்த தொல்லைகளையும் சொல்லிடறேன். பொருளடக்கத்துல திடீர்னு ஒரு முழுப் பத்தி வந்து உட்கார்ந்திருந்தா, தலைப்புக்கு அடுத்து என்டர் தட்டாம ஷிஃப்ட் என்டர் தட்டியிருக்கீங்கன்னு அர்த்தம். தலைப்பும் பத்தியும் ஒரே பத்தியா ஒட்டிக்கிட்டு நிக்குது. ஒரு தலைப்பைக் கலர் மாத்தினா எல்லாத் தலைப்பும் மாறுதுன்னா, ஸ்டைல்ல 'ஆட்டோமேட்டிக்கலி அப்டேட்' டிக் ஆகியிருக்கு, எடுத்துடுங்க. 'எரர்! புக்மார்க் நாட் டிஃபைண்ட்'னு வந்தா, ஒரு தலைப்பை அழிச்சுட்டு முழு அட்டவணையையும் புதுப்பிக்கலைன்னு பொருள். இந்த வரியோடவே கோல்டு லெட்டர் போட்டு ஹார்ட் பைண்டிங் ஆன ஏடு ஒண்ணு என் அலமாரியில இருக்கு. அதுல கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் படிச்சவங்க!

இயலுக்கு ஒரு ஃபைல்னு தனித்தனியா அடிச்சு, கடையில வந்து ஒட்டுறது இன்னொரு வம்பு. ஒவ்வொரு இயலும் பக்கம் 1ல இருந்து ஆரம்பிக்கும். வீட்டு லேப்டாப்ல ஒரு எழுத்துரு, கடை கம்ப்யூட்டர்ல அது இல்லை, வேற எழுத்துரு வந்து உட்காரும், வரி உயரம் மாறும், பக்கம் தள்ளிப் போகும். வீட்டுல 43ன்னு இருந்தது கடையில 45. "நேத்து சரியா இருந்துச்சே சார்"னு பிள்ளைங்க கண் கலங்குதுங்க. சரியாத்தான் இருந்திருக்கும்.

எங்க கத்துக்கிறது? பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூல்ல ஓபன் ஆபீஸ் ரைட்டர் பாடம் இருக்கு, தமிழ்லயே இருக்கு. ஆனா கணினி குரூப் எடுத்த பிள்ளைங்களுக்குத்தான் அது. தமிழ், வரலாறு, வணிகவியல்னு போறவங்கள்ல பலர் அதைத் தொட்டதே இல்லை. அரசு 2011ல் மடிக்கணினி கொடுக்க ஆரம்பிச்சுது. எத்தனையோ வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் அதுதான், அந்த நன்றி எனக்கு உண்டு. கருவி வந்துது, அதைப் பிடிக்கக் கத்துக் கொடுக்கிற ஆள் வரலையே! இப்ப பாதிப் பிள்ளைங்க ஏட்டையே போன்ல, பேசி டைப் பண்ணுதுங்க. அதுல ஹெடிங்காவது ஸ்டைலாவது. கைடுகளையும் நான் முழுசாக் குறை சொல்ல மாட்டேன். அவங்க காலத்துல ஏடு டைப்ரைட்டர்ல அடிச்சது. அதுல தலைப்புன்னா கோடு போடறதுதான். அந்தப் பழக்கத்தையே கம்ப்யூட்டருக்கும் கொண்டு வந்துட்டாங்க.

'இது வெறும் அழகு விஷயம், இதுக்கா இவ்வளவு பேச்சு'ன்னு கேக்கிறவங்களுக்கு ஒரு பதில் இருக்கு. நம்ம அரசுக் கல்லூரிகள்ல தமிழும் வரலாறும் படிக்கிற பார்வையற்ற மாணவர்கள் இருக்காங்க. என்விடிஏன்னு இலவச மென்பொருள், திரையில இருக்கிறதை வாசிச்சுக் காட்டும். வேர்டு ஃபைல்ல அதோட பிரவுஸ் மோடுல எச் கீயைத் தட்டினா, தலைப்புக்குத் தலைப்பு தாவிப் போகலாம். தட்டினதும் 'இயல் இரண்டு', இன்னொரு தட்டு, அடுத்த தலைப்பு. ஹெடிங் ஸ்டைல் இருந்தாத்தான் இது நடக்கும். போல்டு மட்டும் போட்ட ஃபைல்ல எச் தட்டினா அடுத்த தலைப்பே இல்லைன்னு சொல்லும். இருநூறு பக்கத்தையும் முதல் வரியில இருந்து கேட்டுக்கிட்டே வரணும். நம்ம கண்ணுக்கு நல்லாத் தெரியுதுன்னு நாம போட்ட போல்டு, பார்வையற்ற பிள்ளைக்குக் கதவைச் சாத்துது. இது அழகு விஷயமா?

ஷோத்கங்காவைப் பாருங்க. நாட்டோட முனைவர் பட்ட ஏடுகளையெல்லாம் சேர்த்து வைக்கிற இடம். 2009ல் யு.ஜி.சி. விதிமுறை வந்த பிறகு, ஏடுகளை மின்வடிவத்துல கொடுக்கணும்னு ஆச்சு. இயல் இயலா பி.டி.எஃப். நல்ல ஏற்பாடு. ஆனா பழைய எழுத்துருவுல அடிச்ச தமிழ் ஏட்டுல ஒரு சொல்லைத் தேடிப் பாருங்களேன். கிடைக்காது. காப்பி பண்ணி ஒட்டினா எம்மும் டபிள்யூவும்தான் வரும். ஏடு இருக்கு, தேடுறவனுக்கு இல்லை. அந்த வெங்காயப் பட்டறைச் சொற்களுக்கும் நாளைக்கு இந்த கதிதான்னா நான் எப்படிச் சும்மா இருக்கிறது?

கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்லை. ஒவ்வொரு துறையும் யூனிகோடுல ஒரு மாதிரி ஃபைல் தயார் பண்ணணும். இயல் தலைப்புக்கு, உட்தலைப்புக்கு, பொருளடக்கத்துக்கு எல்லாம் ஸ்டைல் போட்டு, முன்பகுதிக்கு ரோமன் எண், இயலுக்கு 1, 2ன்னு செக்‌ஷன் பிரேக்கோட. அதை முதல் செமஸ்டர்லயே பிள்ளைங்க கையில கொடுத்து, ஒரு மணி நேரம் லேப்ல உட்கார வச்சுக் காட்டணும். ஏட்டை வாங்கும்போது பிரிண்ட்டோட ஃபைலையும் வாங்கி, நேவிகேஷன் பேனைத் திறந்து பார்க்கணும். அதுல தலைப்பெல்லாம் வரிசையா வந்தா சரி, காலியா இருந்தா திருப்பி அனுப்பட்டும், நியாயம். அப்புறம் மிச்ச நேரத்துல உள்ள எழுதியிருக்கிறதைப் படிக்கட்டும்.

அதுவரைக்கும், இந்த வாரம் சப்மிஷன் இருக்கிற பிள்ளைங்க இதை மட்டும் செய்யுங்கம்மா, தம்பி. எல்லா இயலையும் ஒரே ஃபைலுக்குள்ள கொண்டு வாங்க. தலைப்புகளுக்கு ஹெடிங் போடுங்க. கடைசித் திருத்தம் முடிஞ்சதும் கன்ட்ரோல் ஏ, எஃப் 9, கேட்டா 'என்டையர் டேபிள்'. பொருளடக்கத்தை ஒரு தடவை உள்ள வச்சு ஒப்பிட்டுப் பாருங்க. வீட்டு கம்ப்யூட்டர்லயே பி.டி.எஃப். ஆக்குங்க. ஆக்கும்போது ஆப்ஷன்ஸ்ல, தலைப்புகளை வச்சு புக்மார்க் உருவாக்கச் சொல்ற இடத்துல டிக் பண்ணுங்க. பிரிண்ட்டுக்கு அந்த பி.டி.எஃப்.பைக் கொண்டு போங்க, வேர்டு ஃபைலைக் கடையில திறக்கவே விடாதீங்க.